வால்பாறையில் வந்த ஆசை திருப்பூரில் எங்கே போனது?

வாசகியின் கடிதம்:

"எனக்கு 34 வயது. திருமணமாகி ஒன்பது வருடம் ஆகிறது. யு.கே.ஜி. படிக்கும் மகள் இருக்கிறாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். மாமனார், மாமியாரோடு ஒரே வீடு. கணவர் நல்லவர். குடி, சிகரெட் கிடையாது. என் மேல் கை நீட்டியதும் இல்லை. ஆனால் தாம்பத்திய விஷயத்தில் எனக்குத் தானாக ஆசை என்று ஒன்று வருவதே இல்லை. அவர் பக்கத்தில் வந்தால் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த நேரம் முழுக்க மனசு எங்கேயோ ஓடும். தாழ்ப்பாள் சரியாக விழவில்லையே, ஹாலில் அத்தை இன்னும் தூங்கவில்லையே, மகள் எழுந்துவிடுவாளோ, காலையில் தோசைக்கு மாவு இருக்கிறதா... இப்படி. முடிந்ததும் 'நல்லா இருந்துச்சா?' என்று கேட்பார். 'ம்' என்பேன். நான்கைந்து வருடமாக அந்த 'ம்' பொய். டாக்டரிடம் காட்டினேன், எல்லாம் நார்மல் என்றார். போன மே மாதம் மகளை என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வால்பாறையில் இரண்டு நாள் தங்கினோம். அங்கே நான் வேறு ஆளாக இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் பழைய கதைதான். இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு ராத்திரி 'உனக்கு என்னைப் பிடிக்கலையா?' என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தவர், அதற்குப் பிறகு என்னைத் தொடவே இல்லை. எனக்கு ஏதாவது குறை இருக்கிறதா? இத்தனை நாள் சொன்ன பொய்யை அவரிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் தாங்குவாரா?"

மனநல ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் வால்பாறை வரும் வரியில் நின்றுவிட்டேன். ஏதோ கிளைச் செய்தி போல அதை எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் கடிதத்தின் நடுப்பகுதியாகத் தெரிகிறது. 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அந்தப் பக்கம் நன்றாக இருந்த உடம்பு, மலை இறங்கி வந்ததும் கெட்டுப்போகாது. அதே நீங்கள், அதே கணவர். மாறியது வீடும், அந்த வீட்டுக்குள் உங்கள் மனசு செய்துகொண்டிருக்கும் காவல் வேலையும்தான்.

'குறையா?' என்ற கேள்விக்கு முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், குறை என்று எனக்குத் தோன்றவில்லை. மனநல மருத்துவர்கள் நோய்களை வகைப்படுத்தக் கையாளும் நூலின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, பெண்களின் ஆசைக் குறைவை நோய் என்று சொல்ல நிபந்தனைகள் வைத்திருக்கிறது. அறிகுறிகள் குறைந்தது ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், அதனால் அந்தப் பெண் மனம் வருந்த வேண்டும். இதெல்லாம் இருந்தாலும், உறவில் கடும் சிக்கலோ வாழ்க்கைச் சூழலின் பெரிய நெருக்கடியோ அதற்குக் காரணமென்று தெரிந்தால் அந்தப் பெயரை வைக்கக் கூடாது. சூழலில் இருக்கும் கோளாறைப் பெண்ணின் உடம்பு மேல் எழுதிவிடக் கூடாது என்பதுதான் அதற்குள் இருக்கும் நியாயம். வருடக்கணக்காக நீங்கள் அதைத்தான் உங்களுக்கே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி அந்தக் காவல் வேலையைப் பற்றி. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் இருக்கும் கின்ஸி ஆய்வு நிறுவனத்தில் ஜான் பாங்க்ராஃப்ட், எரிக் யான்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். பாலுணர்வுக்கு நம் மூளையில் தனித்தனியாக இரண்டு ஏற்பாடுகள் வேலை செய்கின்றன என்பது அவர்கள் கருத்து. ஒன்று தூண்டுவது, இன்னொன்று தடுப்பது. ஸ்கூட்டியில் ஆக்சிலரேட்டர், பிரேக் இருப்பது போல. ஒருவருக்குக் கிளர்ச்சி வரவில்லை என்றால் ஆக்சிலரேட்டர் பழுது என்றே எல்லோரும் நினைக்கிறோம். புது நைட்டி, சென்ட், படம், லேகியம் என்று அதையே முறுக்குகிறோம். இடது கை பிரேக்கை இறுக்கிப் பிடித்திருக்கும்போது வலது கை எவ்வளவு முறுக்கினாலும் வண்டி நகராது. எந்தெந்த விஷயம் பிரேக்கைப் பிடிக்கும் என்பதும், எவ்வளவு அழுத்தமாகப் பிடிக்கும் என்பதும் ஆளுக்கு ஆள் வேறுபடும். உங்கள் பிரேக் கொஞ்சம் கூர்மையானது என்று நினைக்கிறேன். அது ஊனமல்ல, சுபாவம். அதே கூர்மைதான் அலுவலகக் கணக்கில் தப்பு வராமல் பார்த்துக்கொள்கிறது, மகள் லேசாக இருமினாலும் எழுப்பிவிடுகிறது.

ஆகவே தாழ்ப்பாளில் இருந்து தொடங்குவோம். சிரிக்காதீர்கள். கூட்டுக் குடும்பத்தில் இருக்கும் பெண்கள் என் முன்னால் உட்கார்ந்து சொன்ன கதைகளில் கதவு திரும்பத் திரும்ப வருகிறது. தாழ்ப்பாள் விழாத கதவு, சாத்தினால் கிரீச்சென்று வீடு முழுக்கக் கேட்கும் கதவு, பகலில் சாத்தினாலே "எதுக்குக் கதவைச் சாத்துனீங்க?" என்று கேள்வி வரும் கதவு. உங்கள் கடிதத்திலேயே மனசு ஓடும் இடங்களில் முதலாவதாக வருவது தாழ்ப்பாள்தான். யாராவது உள்ளே வந்துவிடலாம் என்று ஒரு காது விழித்திருக்கும்போது உடம்பு தன்னை இன்பத்துக்குக் கொடுக்காது. ஆபத்து வருகிறதா என்று பார்ப்பதும் இன்பத்தில் கரைவதும் ஒரே நேரத்தில் நடக்கிற காரியமல்ல. ஒரு ஆசாரியைக் கூப்பிட்டு அரை நாளில் முடிக்கக்கூடிய வேலை, வருடக்கணக்கில் தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது. ஏன் தள்ளிப்போனது என்று யோசித்துப் பாருங்கள். மருமகள் தன் அறைக்குத் தாழ்ப்பாள் கேட்டால் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம் அதற்குள் இருக்கலாம். அப்படியானால் அந்தக் கூச்சமும் ஒரு பிரேக். தாழ்ப்பாளை உங்கள் கணவரே முன்நின்று போடட்டும். மகளுக்குத் தாத்தா பாட்டியோடு படுக்கும் பழக்கத்தை வாரத்தில் ஓரிரு நாள் ஏற்படுத்த முடியுமா என்றும் பாருங்கள். "கதை சொல்லுங்க பாட்டி" என்று போகிற வயதுதான் அவளுக்கு.

தோசை மாவு அடுத்தது. நீங்கள் அதை அற்ப நினைப்பு என்று வெட்கத்தோடு எழுதியிருப்பது போல் எனக்குப் பட்டது. அற்பமல்ல. எமிலி ஹாரிஸ், சாரி வான் ஆண்டர்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள், ஆண் துணையோடு வாழும், குழந்தையுள்ள பெண்களிடம் நடத்திய ஆய்வை 2022இல் வெளியிட்டார்கள். வீட்டு வேலையில் பெரும்பங்கைத் தானே சுமக்கும் பெண்களுக்குத் துணைவர் மீதான ஆசை குறைவாக இருப்பதை அதில் கண்டார்கள். காரணத்தைத் துருவியபோது வெறும் அசதியைத் தாண்டி இரண்டு விஷயங்கள் தென்பட்டன. ஒன்று, 'இது நியாயமில்லை' என்ற உணர்வு. இன்னொன்று, கணவரையும் தான் பார்த்துக்கொள்ள வேண்டிய இன்னொரு பிள்ளையாகவே பார்க்கத் தொடங்கிவிடுவது. பிள்ளையாகத் தெரிகிறவர் மேல் ஆசை எப்படி வரும்? வால்பாறையில் உங்களுக்குச் சமையல் இல்லை, டிபன் பாக்ஸ் இல்லை, அத்தைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை இல்லை. அந்த இரண்டு நாளும் நீங்கள் யாருக்கும் பொறுப்பாளியாக இல்லை. உங்கள் கணவர் வீட்டில் என்னென்ன செய்வார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ராத்திரி அடுப்படியை ஒதுங்கவைத்து, மகளின் ஸ்கூல் பையை எடுத்துவைக்கிற பொறுப்பை அவர் முழுதாக ஏற்றுக்கொண்டால் (நீங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லிச் செய்யவைத்தால் அது மறுபடி உங்கள் வேலைதான்) படுக்கைக்கு வரும்போது உங்கள் தலை கொஞ்சம் காலியாக இருக்கும்.

மூன்றாவது பிரேக்கைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் நம் பெண்கள் பெரும்பாலோரிடம் அது இருப்பதால் கேட்டுவைக்கிறேன். இருபத்தைந்து வயது வரை அந்த நினைப்பே தப்பு என்று வளர்த்துவிட்டு, தாலி ஏறிய அன்று ராத்திரியே எல்லாம் தெரிந்தவளாக, விருப்பமுள்ளவளாக மாறச் சொல்கிறோம். மனசு அப்படி ஒரே நாளில் திரும்பாது. 'நான் விரும்பிக் கேட்டால் என்னை என்னவென்று நினைப்பார்?' என்ற பயம் பிள்ளை பெற்ற பிறகும் பலரிடம் அப்படியே இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு தளர்ந்த வயிற்றை நினைத்து விளக்கை அணைக்கச் சொல்பவர்களும் உண்டு. இவை உங்களுக்கும் பொருந்துமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

'தானாக ஆசை வருவதே இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே ஒரு தவறான நம்பிக்கை உங்களை நிறைய வதைத்திருக்கிறது. ஆசை முதலில் வர வேண்டும், பிறகுதான் தொடுதல், பிறகு இன்பம் என்ற வரிசைதான் சரியானது என்று நினைக்கிறோம். கனடாவில் வான்கூவரில் பணியாற்றிய மருத்துவர் ரோஸ்மேரி பாஸன் 2000ஆம் ஆண்டில் இந்த வரிசையைக் கேள்விக்கு உட்படுத்தினார். நீண்ட நாள் உறவில் இருக்கும் பல பெண்களுக்கு ஆசை தொடக்கத்தில் இருப்பதில்லை. கணவரோடு நெருக்கமாக இருக்க வேண்டும் என்ற விருப்பம் மட்டும் இருக்கும். பேச்சு, அணைப்பு, தொடுதல் என்று போகப் போக உடம்பு விழிக்கும். ஆசை அதற்குப் பின்னால் வந்து சேரும். இதுவும் இயல்பான ஆசைதான். ஆண்களிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு, தானாகவே ஆசை பொங்கும் பெண்களும் உண்டு. வால்பாறையில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். ரூமுக்குள் நுழைந்ததும் ஆசை வந்ததா? அல்லது குளிரில் சேர்ந்து டீ குடித்து, அவசரமில்லாமல் நடந்து, ஊர்க்கதை பேசி, பிறகு வந்ததா?

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 'ஆசை பிறகு வரும்' என்பதை, 'பிடிக்காவிட்டாலும் ஒத்துக்கொள்' என்று யாரும் திருப்பிக்கொள்ளக் கூடாது. நெருங்கலாம் என்று மனசார விரும்புவது வேறு, வேறு வழியில்லை என்று கிடப்பது வேறு. 'வேண்டாம்' என்று நிம்மதியாகச் சொல்ல முடிகிற வீட்டில்தான் 'சரி'க்கு உயிர் இருக்கும். நீங்கள் 'மறுக்க மாட்டேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட மறுத்ததில்லையா? எமிலி இம்பெட் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2005இல் இதைத்தான் ஆராய்ந்தார்கள்: ஒருவர் எதற்காக உறவுக்கு இணங்குகிறார்? நெருக்கம் வேண்டும், இருவருக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று இணங்கிய நாட்கள் மனதுக்கும் உறவுக்கும் நல்லதாக அமைந்தன. அவர் முகம் வாடிவிடக் கூடாது, சண்டை வரக் கூடாது என்று இணங்கிய நாட்கள் அப்படி அமையவில்லை. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே செயல்தான். உள்ளே இருக்கும் நோக்கம்தான் அதன் ருசியைத் தீர்மானிக்கிறது. உங்கள் 'ம்' எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது என்பது உங்களுக்கே தெரியும்.

இப்போது உங்கள் கணவர். அவர் கேட்கும் 'நல்லா இருந்துச்சா?' என்பதில் ஆணவம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பரீட்சை எழுதிவிட்டு மார்க் கேட்கிற பையனின் குரல் அது. ஆண்களுக்கு நாம் சொல்லிக் கொடுத்திருப்பது அதுதான்: படுக்கையில் நிரூபிக்க வேண்டும். அமெரிக்காவில் வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜீனியா ஜான்சன் இருவரும் 1970இல் எழுதிய நூலில் இந்த நிலையை விவரித்தார்கள். உறவில் ஈடுபட்டிருக்கும் ஒருவர், அதே நேரத்தில் தன்னிடம் இருந்து விலகி நின்று, 'நான் சரியாகச் செய்கிறேனா? உடம்பு ஒத்துழைக்கிறதா?' என்று தன்னையே வேடிக்கை பார்க்கும் நிலை. பார்வையாளராகிவிட்டவருக்கு உணர்ச்சி மங்கிப்போகும். உங்கள் அறையில் இரண்டு பார்வையாளர்கள் இருக்கிறீர்கள். அவர் தன்னைக் கவனிக்கிறார். நீங்கள் கதவையும், அவர் முகத்தையும், எப்போது முடியும் என்பதையும் கவனிக்கிறீர்கள். கட்டிலில் யாருமே இல்லை.

இதற்கு மாஸ்டர்ஸும் ஜான்சனும் வகுத்த தொடுதல் பயிற்சியை நாங்கள் இன்றைக்கும் சொல்லித் தருகிறோம். முதல் விதி கேட்க விசித்திரமாக இருக்கும்: இரண்டு மூன்று வாரம் உடலுறவு கிடையாது என்று இருவரும் சேர்ந்தே முடிவு செய்துகொள்ள வேண்டும். 'இது எங்கே போய் முடியுமோ' என்ற பதற்றமும், 'முடிக்க வேண்டுமே' என்ற பதற்றமும் ஒரே அடியில் போய்விடும். வாரத்தில் இரண்டு நாள், பதினைந்து இருபது நிமிடம், ஒருவர் தொடுகிறார், மற்றவர் சும்மா படுத்திருக்கிறார். பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். மார்பும் பிறப்புறுப்பும் முதலில் வேண்டாம். கை, முதுகு, பாதம், கழுத்து, தலைமுடி போதும். தொடுகிறவர் எதிராளிக்குப் பிடிக்கிறதா என்று முகத்தைப் பார்க்கக் கூடாது. தன் விரலுக்கு என்ன தெரிகிறது என்று மட்டும் கவனிக்க வேண்டும்: எங்கே சூடாக இருக்கிறது, எங்கே தோல் மெத்தென்று இருக்கிறது, முழங்கை எப்படிச் சொரசொரக்கிறது. மனசு மாவுக்கு ஓடினால் பரவாயில்லை, திட்டிக்கொள்ளாமல் மறுபடி விரலுக்குக் கூட்டி வாருங்கள். படுத்திருப்பவர் வலித்தாலோ கூசினாலோ சொன்னால் போதும். 'நல்லா இருக்கா?' என்ற கேள்விக்கு அந்த அறையில் இடமில்லை. முதல் நாள் இருவருக்கும் சிரிப்பு வரும், வரட்டும். இரண்டு மாதமாகத் தொடாமல் இருக்கும் தம்பதிக்கு மறுபடி தொடத் தொடங்க இதைவிடப் பதமான வழியை நான் பார்த்ததில்லை.

உச்சம் அடைவது பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் அந்தப் பொய் 'ம்'முக்குள் அதுவும் இருக்கலாம் என்று யூகிக்கிறேன். அமெரிக்காவில் 52,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், பெண்களோடு உறவு கொள்ளும் ஆண்களில் 95 சதவீதம் பேர் பெரும்பாலும் அல்லது எப்போதும் உச்சம் அடைவதாகச் சொன்னார்கள். ஆண்களோடு உறவு கொள்ளும் பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 65 சதவீதம். உடலுறவு மட்டுமே பல பெண்களுக்குப் போதாது, கையால் வருடுவதும் முத்தமும் நேரமும் வேண்டும். அதே ஆய்வில், தனக்கு என்ன வேண்டும் என்று துணைவரிடம் கேட்கும் பெண்களுக்கு இது எளிதாக இருந்தது. உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று உங்கள் கணவருக்கு இன்று வரை தெரியாது. அவர் மக்கு என்பதால் அல்ல. ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு நூறு என்று விடைத்தாளைத் திருத்திக் கொடுத்துவிட்டீர்கள்.

வாரத்துக்கு எத்தனை முறை என்ற கணக்குக்குள் போகாதீர்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் குழுவினர் தம்பதிகள் சிலரிடம் உறவின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கச் சொல்லி மூன்று மாதம் கவனித்தார்கள். 2015இல் வெளியான முடிவின்படி அவர்கள் சந்தோஷம் கூடவில்லை. ஆசையும் ருசியும்தான் குறைந்தன.

உடம்பையும் ஒரு வரி பார்த்துவிடலாம். 'எல்லாம் நார்மல்' என்ற பரிசோதனையில் தைராய்டு, ப்ரோலாக்டின் (பால் சுரப்போடு தொடர்புள்ள ஹார்மோன்), ரத்தசோகை, சர்க்கரை எல்லாம் பார்த்தார்களா என்று அந்தச் சீட்டை எடுத்துப் பாருங்கள். கருத்தடை மாத்திரையோ மனச்சோர்வுக்கான மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், சில மாத்திரைகள் ஆசையைக் குறைக்கும். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். உறவின்போது வலி இருந்தால் பல்லைக் கடித்துப் பொறுக்காமல் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். ஊர் ஊராக லாட்ஜில் ரூம் எடுத்து வைத்தியம் பார்க்கிறவர்களிடம் நீங்களோ உங்கள் கணவரோ போக வேண்டாம்.

கடைசியாக, அந்தப் பொய்யைச் சொல்லிவிடலாமா என்ற கேள்வி. சொல்லலாம். ஆனால் குற்றத்தை ஒப்புக்கொள்வது போல அல்ல. "அஞ்சு வருஷமா பொய் சொன்னேன்" என்று தொடங்கினால் அவர் காதில் 'நீ அஞ்சு வருஷமா தோத்துட்டே' என்றுதான் விழும். அந்த வலியில் அடுத்த வாக்கியம் கேட்காது. படுக்கையில் பேசாதீர்கள். மொட்டை மாடியிலோ, வண்டியில் போகும்போதோ, முகத்துக்கு முகம் பார்க்கத் தேவையில்லாத இடத்தில் பேசுங்கள். உண்மையாக நன்றாக இருந்த இடத்தில் இருந்து தொடங்குங்கள்: "ஏனுங்க, வால்பாறையில எனக்கு ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. அது மாதிரி இங்கயும் வேணும்னு இருக்கு. ஆனா இங்க எனக்கு மனசு அடங்க மாட்டேங்குது." அவருடைய கேள்விக்கும் இதுதான் பதில், கவனித்தீர்களா? 'பிடிக்கலையா' என்று கேட்டவருக்கு, 'உங்களை வேணும்' என்று சொல்கிறீர்கள்.

அவர் அங்கேயே பிடித்துக்கொண்டு, "அப்ப இத்தனை நாளா?" என்று கேட்கலாம். கேட்டால் இன்னொரு 'ம்' வேண்டாம். "எல்லா நாளும் இல்லீங்க. என்ன வேணும்னு எனக்கே தெரியல. உங்க மனசு நோகுமேன்னு சொல்லாம இருந்துட்டேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். தாங்குவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு மாதமாக 'இவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை' என்பதைத் தாங்கிக்கொண்டிருக்கிறார். நீங்கள் சொல்லப்போகும் உண்மை அதைவிடக் கனமானது இல்லை. ஆனாலும் உடனே வந்து அணைத்துக்கொள்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கலாம். சாப்பிட்டுவிட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போகலாம். அந்த மௌனத்தைப் பார்த்துப் பயந்து, "அட, சும்மா சொன்னேங்க, அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளாதீர்கள்.